கடைசிப் பாட்டின் கரகரப்பு

ஹெவி மெட்டல் என்று பெயர் பெற்ற இசையை இசைத்தட்டில் கேட்கும் வழக்கமுடையவர்களிடம் பேசிப் பார்த்தால், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு அபிப்பிராயங்கள் ஒரே மனிதரின் வாயிலிருந்தே வெளிவருவதைக் காணலாம். கிதாரின் நாதத்தை வேண்டுமென்றே சிதைத்து, முறுக்கி, அந்தக் கரகரப்பையே அழகாகக் கொண்டாடும் ஓர் இசைக்கு நுட்பமான ஊசி எதற்கு, ஏற்கெனவே சிதைந்திருப்பது இன்னும் சிறிது சிதைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்பது முதலாவது. தட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு மட்டும் ஏதோ கெட்டுப்போனதுபோல் ஒலிக்கிறதே, தாளத்தட்டுகளின் ஓசை பிசிறடித்துப் பாடகரின் ‘ஸ’காரங்கள் சீறுகின்றனவே, இதற்கு என்ன காரணம் என்ற முறையீடு இரண்டாவது.

முதல் அபிப்பிராயம் உண்மையாக இருக்குமானால் இரண்டாவது முறையீடு எழவே நியாயமில்லை. கரகரப்புக்கும் கரகரப்புக்கும் பேதம் தெரியாத காது, முதல் பாட்டின் கரகரப்பை ரசித்துவிட்டுக் கடைசிப் பாட்டின் கரகரப்பைக் கண்டு முகம் சுளிக்காது. ஆகவே நம் காது, நாம் அதற்குக் கொடுக்கும் மதிப்பைக் காட்டிலும் கூர்மையானது என்பதும், கலைஞன் விரும்பிச் செய்த சிதைவு வேறு, ஊசி தன் இயலாமையால் சேர்க்கும் சிதைவு வேறு என்பதை அது எப்படியோ அறிந்துவைத்திருக்கிறது என்பதும் தெளிவாகின்றன. எப்படி அறிகிறது என்று விசாரித்தால், இவ்வகை இசைக்கு எத்தகைய கேட்ரிட்ஜைத் தேர்ந்தெடுப்பது என்ற நடைமுறைக் கேள்விக்கும் அதே விசாரணையில் விடை கிடைத்துவிடுகிறது.

பெட்டிக்குள் நடப்பது

டர்ன்டேபிளின் கை நுனியில், கட்டைவிரலின் முதற்கணுவைவிடப் பெரிதாக இராத ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும், அதுவே கேட்ரிட்ஜ். அதன் அடியிலிருந்து மெல்லிய தண்டு ஒன்று நீண்டிருக்க, தண்டின் நுனியில் வைரத்துணுக்கு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. தட்டின் மேற்பரப்பில் சுருள்சுருளாக ஓடும் பள்ளம் ஒவ்வோர் ஒலிக்கும் ஏற்ப வளைந்து நெளிந்து செல்ல, வைரம் அந்த வளைவைத் தொடர்ந்து அசைகிறது. தண்டின் மறுமுனையிலுள்ள சிறு காந்தமும் அதனுடன் அசைகிறது. காந்தத்தைச் சூழ்ந்த கம்பிச்சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. காந்தத்தை நிலையாக வைத்துச் சுருள்களையே அசையவிடும் வகையும் உண்டு. முதல் வகை தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு. இரண்டாம் வகையில் அது பெரும்பாலும் ஆயிரத்தில் அரைப் பங்குக்கும் குறைவு என்பதால் அதை உயர்த்தக் கூடுதல் சாதனம் வேண்டியிருக்கும். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்ற வாதம் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓயாமல் நடந்துவருகிறது. நம் கேள்விக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. பள்ளத்தைத் தொடுவது வைரமேயன்றிக் காந்தமன்று.

பள்ளத்தின் இரு சுவர்களும் செங்குத்துக்கு 45 பாகை சாய்ந்து நிற்கின்றன. ஒரு சுவர் இடது ஒலிபெருக்கிக்குரிய ஒலியையும் மற்றது வலதுக்குரியதையும் தாங்கி நிற்கும் இந்த ஏற்பாட்டை ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஆவணத்தில் விளக்கியிருந்தார். எனினும் அது கடைகளுக்கு வர 1950-களின் இறுதியாயிற்று.

பர்மிங்ஹாமின் தளர்ந்த தந்திகள்

நமக்கு ஓர் உதாரணத் தட்டு வேண்டும். பிளாக் சாபத் என்ற ஆங்கிலேயக் குழு 1971-ல் வெளியிட்ட ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யை எடுத்துக்கொள்வோம். அக்குழுவின் கிதார் வித்வான் டோனி அயோமி, பர்மிங்ஹாம் நகரத்து உலோகத்தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் வயதில், இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் இழந்தவர். இடக்கைப் பழக்கமுடையவராதலால் தந்திகளை அழுத்த வேண்டிய கையே அது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குக் கவசம் செய்துகொண்டும், மெல்லிய தந்திகளைத் தேடிப் பூட்டியும் வாசிப்பைத் தொடர்ந்த அவர், மேற்சொன்ன தட்டின் சில பாட்டுகளுக்குத் தந்திகளையே தளர்த்தி, வழக்கமான சுருதியிலிருந்து மூன்று அரைச்சுரங்கள் இறக்கி வாசித்தார். அவ்வாறு இறக்கியதும் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்குச் சுமார் 82 அதிர்வுகளுக்குப் பதில் 69 அதிர்வுகளே அதிர்ந்தது. அக்குழுவைச் சேர்ந்த கீஸர் பட்லரின் பேஸ் கிதாரும் உடனிறங்கி, அதன் அடித்தந்தி 35 அதிர்வுகளுக்குச் சற்றுக் குறைவாக ஒலித்தது. பின்வந்த மெட்டல் குழுக்கள் பலவும் பின்பற்றிய அந்தக் கனத்த நாதம் இந்தத் தளர்ச்சியிலிருந்து பிறந்தது.

இனி, அந்த நாதம் எவ்வாறு சிதைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பெருக்கி தாங்கக்கூடியதற்கு மேல் அதனுள் ஒலியைச் செலுத்தினால், அலையின் உச்சிகள் வெட்டுண்டு போகின்றன. வெட்டுண்ட அலையில் மூலத்தில் இல்லாத புதிய சுரங்கள் தோன்றுகின்றன. இதை இனித் திரிபு என்று அழைப்போம். ஒரே ஒரு சுரம் திரிபடைந்தால் அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுடைய மேற்சுரங்கள் எழுகின்றன. இரண்டு சுரங்கள் சேர்ந்து திரிபடைந்தாலோ, அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டி வருவதும் கழித்து வருவதுமான சுரங்கள்கூடப் பிறந்துவிடுகின்றன.

மெட்டல் இசையின் உயிர்நாடியான பவர் கார்ட் என்பது நம் இசை மொழியில் ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிப்பதேயன்றி வேறில்லை. இரண்டின் அதிர்வெண்களும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் நிற்கும். அயோமியின் தளர்ந்த தந்தியில் அவை ஏறத்தாழ 69, 104. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது 35. அதாவது, கிதார் வாசிக்காத, ஆனால் பட்லரின் அடித்தந்தி வாசிக்கும் அதே சுரத்தைக் கிதாரின் திரிபு தானே உற்பத்தி செய்கிறது! இரண்டு கருவிகள் ஒரே மலைப்பிளவிலிருந்து கிளம்பும் ஒற்றை முழக்கமாகக் கேட்பதில் இந்தக் கணிதத்துக்கும் பங்குண்டு. கூட்டியும் கழித்தும் வரும் மற்றச் சுரங்களும் 35-இன் மடங்குகளாகவே அமைவதால், எத்தனை முரட்டுத்தனமாகத் திரித்தாலும் பவர் கார்ட் சுருதி பிசகுவதில்லை. மூன்று, நான்கு சுரங்கள் கொண்ட சிக்கலான சேர்க்கைகளை இவ்வளவு கடுமையான திரிபில் வாசித்தால் சேறாகக் குழம்பிவிடும் என்பதால்தான் இவ்வகைக் கலைஞர்கள் ஷட்ஜ பஞ்சமத்தோடு நின்றுவிடுகிறார்கள். வெறும் கூச்சல் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கும் ஒலியில் இத்தகைய கட்டுப்பாடு இருக்கிறது.

கலக்கும் முன்னும் கலந்த பின்னும்

அயோமியின் திரிபு அவருடைய பெருக்கிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதே குழுவின் ஆஸி ஆஸ்போர்னின் குரலோ பில் வார்டின் தாளத்தட்டுகளோ அந்தப் பெருக்கிக்குள் நுழையவில்லை. ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே பிடிக்கப்பட்டுப் பிறகுதான் கலக்கப்படுகின்றன. வெறுமே கலப்பதால் புதிய சுரம் எதுவும் பிறப்பதில்லை.

ஊசி செய்யும் திரிபோ கலந்த பின் நிகழ்வது. பள்ளத்தில் இருப்பது கிதார், பேஸ், குரல், தாளம் யாவும் ஒன்றாகிவிட்ட ஒரே ஒரு வளைவு. அந்த வளைவை வைரமுனை சரிவரத் தொடராமற்போனால், திரிபு அனைத்துக்கும் பொதுவாகிவிடுகிறது. கிதாரின் சுரம் குரலின் சுரத்தோடு கூடியும் கழிந்தும், முன்பின் அறிமுகமற்ற சுரங்களை ஈன்றெடுக்கிறது. கிதார் 69-இல் முழங்க, குரல் 440-இல் நிற்பதாக வைத்துக்கொண்டால், கூட்டி வருவது 509. பியானோவில் இதற்கு அருகிலுள்ள கட்டைகள் 494-உம் 523-உம்; நம் புதுச் சுரம் இரண்டுக்கும் நட்டநடுவே, எந்தக் கட்டைக்கும் சொந்தமில்லாமல் தொங்குகிறது. இந்த ஒன்று காதில் விழாமற் போகலாம். மெட்டல் இசையில் கிதாரின் மேற்சுரங்களே டஜன் கணக்கில் இருப்பதால், இவ்வாறு தொங்கும் சுரங்கள் நூற்றுக்கணக்கில் பெருகித் தனித்தனியே கேட்பதை விடுத்து ஒரு மூட்டமாகப் படிந்து, கருவிகளுக்கு இடையிலிருந்த இடைவெளிகளைத் தூர்த்துவிடுகின்றன.

ஒற்றைப் புல்லாங்குழலின் தட்டில் ஊசி சிறிது பிழை செய்தால் இரண்டொரு மேற்சுரம் கூடுவதோடு போயிற்று. இடைவிடாது எல்லாக் கருவிகளும் உச்சத்தில் நிற்கும் தட்டில் அதே அளவு பிழை செய்தால் விளைவு பன்மடங்கு. ஆகவே, முரட்டு இசைக்கு முரட்டு ஊசி போதும் என்ற அபிப்பிராயத்தை நான் முற்றிலும் தலைகீழானதாகவே கருதுகிறேன்.

உள்வட்டத்தின் நெருக்கடி

கடைசிப் பாட்டுக்கு வருவோம். நம் உதாரணத் தட்டின் இரண்டாம் பக்கத்து இறுதிப் பாட்டு ‘இன்டு தி வாய்ட்’. முதற்பக்கத்து இறுதிப் பாட்டு ‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்’. தளர்த்திய தந்தியில் வாசித்த பாட்டுகளில் இரண்டு, தட்டின் மையத்துக்கு மிக அருகே போய் அமர்ந்திருக்கின்றன.

தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகாலுக்குச் சற்று மேல், அதாவது ஒன்பது நிமிடத்தில் சரியாக 300 சுற்றுகள் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. வெளிவிளிம்பில், மையத்திலிருந்து சுமார் 14.6 சென்டிமீட்டர் தூரத்தில், ஒரு சுற்றின் நீளம் 92 சென்டிமீட்டர். அங்கே ஊசியின் கீழ் வினாடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளெல்லையில், மையத்திலிருந்து 6 சென்டிமீட்டர் தூரத்தில், சுற்றின் நீளம் 38 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், அதே ஒரு வினாடிக்கு 21 சென்டிமீட்டர்தான் கிடைக்கிறது. சுற்றும் வேகம் மாறாதிருக்க, எழுதுவதற்குரிய இடம் மட்டும் பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிட்டது.

தாழ்ந்த சுரங்களுக்கு இந்தச் சுருக்கம் ஒரு பொருட்டன்று. 69 அதிர்வுள்ள கிதார்ச் சுரத்தின் ஓர் அலை, உள்வட்டத்திலும் மூன்று மில்லிமீட்டர் நீளம் படுத்துக்கிடக்கும். எந்த ஊசியும் அதில் சிரமமின்றிப் போய்வரும். கஷ்டம் முழுவதும் வார்டின் தாளத்தட்டுகளுக்கே. அவற்றின் பளபளப்பு வினாடிக்குப் பத்தாயிரம் அதிர்வுகளின் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. அத்தகைய ஓர் அலைக்கு வெளிவட்டத்தில் 51 மைக்ரான் நீளமும், உள்வட்டத்தில் வெறும் 21 மைக்ரானும் கிட்டுகின்றன. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பதினான்கு மைக்ரான் வளைவு

பள்ளத்தின் வளைவும் முனையின் வளைவும் சந்திக்குமிடத்தில் என்ன நேர்கிறது என்பதே முழு விஷயத்துக்கும் சூட்சுமம். பெரிய சக்கரமுடைய கட்டைவண்டி, சாலையிலுள்ள சிறு குழியின் அடியைத் தொடாமல் இரு விளிம்புகளிலும் ஏறி உருண்டுவிடும். சிறு சக்கரமோ குழிக்குள் இறங்கி ஏறும். சாலையின் மேடு பள்ளங்களை அறிய விரும்புகிறவனுக்குச் சிறு சக்கரமே உற்ற துணை.

தாளத்தட்டின் ஒலிக்காகப் பள்ளம், ஒலிப்பதிவாளர்கள் அளவுக்கு ஆதாரமாகக் கொள்ளும் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் என்ற உச்ச வேகத்தில் அசைவதாகக் கொள்வோம். பத்தாயிரம் அதிர்வுக்கு அது ஒரு மைக்ரானுக்கும் குறைந்த, சுமார் 0.8 மைக்ரான் அசைவுதான். அந்த அசைவை 51 மைக்ரான் நீளத்தில் விரித்து எழுதினால், அலையின் மிகக் கூர்மையான வளைவு 83 மைக்ரான் ஆரமுடைய வட்டத்தின் வளைவுக்குச் சமமாகிறது. அதே அசைவை 21 மைக்ரானுக்குள் அடக்கி எழுதும்போது, அந்த ஆரம் 14 மைக்ரானாகக் குறுகிவிடுகிறது. இடம் இரண்டரை மடங்கு சுருங்க, வளைவோ ஆறு மடங்கு இறுகிவிட்டது.

சாதாரணக் கூம்பு முனையை எடுத்துக்கொண்டால், அதன் நுனி உருண்டையின் ஆரம் சுமார் 18 மைக்ரான். வெளிவட்டத்தின் 83 மைக்ரான் வளைவில் அது தாராளமாகப் பொருந்திச் செல்லும். உள்வட்டத்தின் 14 மைக்ரான் வளைவில் அதனால் இறங்கவே முடியாது. குழியின் விளிம்புகளைத் தொட்டுக்கொண்டே போய்விடும். ஆகவே ஒரே தட்டில், ஒரே ஊசியில், முதல் பாட்டின் தாளத்தட்டு தாளத்தட்டாகவும், கடைசிப் பாட்டினுடையது பிசிறாகவும் ஒலிப்பதில் மர்மம் எதுவும் இல்லை. நீள்வட்ட முனையில், பள்ளம் ஓடும் திசையைப் பார்த்த ஆரம் பொதுவாக 8 மைக்ரான். 14-க்குள் அது அடங்குகிறது. மைக்ரோலைன் என்ற பெயரில் வரும் முனைகளில் அந்த ஆரம் 3 மைக்ரான் வரை குறைந்திருப்பதால் இன்னும் நெருக்கமான வளைவுகளுக்கும் அவை அஞ்சுவதில்லை.

நான் எடுத்துக்கொண்ட 5 சென்டிமீட்டர் நடுத்தரமான அளவு. தாளத்தட்டை ஓங்கி அடிக்கையில் பள்ளம் இதைவிட வேகமாக அசையும். அப்போது நீள்வட்ட முனைக்கும் சோதனை வந்துவிடும்.

எந்த முனை?

முனை கூர்மையானால் பள்ளத்தைக் கீறிவிடாதா என்று அஞ்சுவது இயற்கை. கையின் பாரமான இரண்டு கிராம் அற்பமாகத் தோன்றினாலும், வைரம் தொடும் பரப்பு அதைவிட அற்பமானதாகையால், அங்கே விழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கையும் தாண்டும். கூம்பு முனை இந்தப் பாரத்தை ஒரு புள்ளியில் இறக்குகிறது. நவீன முனைகளோ, ஓடும் திசையில் மெலிந்தும், சுவரின் உயரவாக்கில் நீண்டும் செதுக்கப்பட்டிருப்பதால், புள்ளிக்குப் பதில் ஒரு கோட்டில் சுவரைத் தொடுகின்றன. பாரமும் அந்தக் கோடு முழுவதும் பரவிவிடுகிறது. இவ்வமைப்புக்கு வழிகாட்டியவர் ஜப்பானில் ஜேவிசி நிறுவனத்தைச் சேர்ந்த ஷிபாட்டா என்ற பொறியாளர். 1970-களின் ஆரம்பத்தில், நான்கு ஒலிபெருக்கிகளுக்கான ஒலிகளை ஒரே பள்ளத்தில் அடக்கும் முயற்சி நடந்தது. அதற்கு மனிதக் காது கேட்கவியலாத மிகையதிர்வுகளையும் ஊசி படித்தாக வேண்டியிருந்தது. நான்கு ஒலிபெருக்கித் தட்டுகள் சந்தையில் தோற்று மறைந்தன. அதற்காகப் பிறந்த முனைமட்டும் ஷிபாட்டா என்ற பெயரோடே நிலைத்துவிட்டது.

பழைய தட்டுகளை வாங்குவோருக்கு இதில் ஓர் அநுகூலமும் உண்டு. முன்னாளைய சொந்தக்காரர் கூம்பு முனையால் வருஷக்கணக்கில் தேய்த்த சுவரில், அம்முனை தொடாத பகுதி மேலும் கீழும் மிச்சமிருக்கும். கோட்டுமுனை அந்தத் தேயாத பகுதியையும் தொட்டுப் படிப்பதால், கெட்டுவிட்டது என்று ஒதுக்கிய தட்டு சில சமயம் எதிர்பாராத தெளிவோடு ஒலிக்கும். விளையாட்டு மைதானத்தைவிட அதிகம் மிதிபட்ட தட்டுகள் மெட்டல் ரசிகர்களிடமே ஏராளம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தின் விஎம்95 வரிசையில் பெட்டி ஒன்றே. கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா முனைகளை அதே பெட்டியில் மாற்றி மாற்றிச் செருகலாம். இந்த அத்தியாயத்தின் கணக்கைத் தம் காதாலேயே சரிபார்க்க விரும்பும் வாசகருக்கு இதைவிட நல்ல சாதனம் இல்லை. கூம்பு முனையால் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் கேட்டுவிட்டு, முனையை மட்டும் மாற்றி மறுபடி கேட்கலாம். முதல் பாட்டில் வித்தியாசம் சொற்பமாகவும் கடைசிப் பாட்டில் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். டென்மார்க்கின் ஆர்ட்டோஃபான் நிறுவனத்தாரும் 2எம் வரிசையில் இதே தத்துவத்தைப் பின்பற்றி, ரெட் என்ற எளிய நீள்வட்டத்தில் தொடங்கி பிளாக் என்ற ஷிபாட்டாவில் முடிக்கிறார்கள்.

ராக் இசைக்கென்றே பிறந்தது என்ற புகழோடு உலவும் கேட்ரிட்ஜ்களும் சில உண்டு. டெனான் நிறுவனத்தின் டிஎல்-103 அவற்றுள் தலையாயது. ஜப்பானிய ஒலிபரப்புக் கழகத்துக்காக 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டு இன்றுவரை விற்பனையிலிருக்கும் அந்தக் கேட்ரிட்ஜின் கனத்த நடுச்சுரங்களுக்கு மயங்காதார் அரியர். கிதார் அதில் தோள்மேல் ஏறி நிற்பதுபோல் ஒலிக்கும். ஆனால் முனை கூம்பு. குறுகிய பக்கங்களுள்ள தட்டுகளுக்கு அதை நான் மறுக்கமாட்டேன். நீண்ட பக்கங்களுக்குத் தரமாட்டேன். பக்கத்தின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1986-ஆம் ஆண்டே சாட்சி. ஸ்லேயர் குழுவின் ‘ரெயின் இன் பிளட்’ முழுவதும் 29 நிமிடத்துக்குள் முடிந்துவிட, மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஏறக்குறைய 55 நிமிடத்தையும் ஒரே தட்டில் திணித்தது. பின்னதில் பள்ளங்களை நெருக்கியும், ஒலியைத் தாழ்த்தியும், மையத்தை நோக்கி வெகுதூரம் சென்றும் வெட்டவேண்டிய நிர்ப்பந்தம் வெட்டுபவருக்கு இருந்தது.

கையின் கனம்

முனைக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது, தண்டு எவ்வளவு எளிதில் வளைகிறது என்பது. இதை நெகிழ்வு எனலாம். நெகிழ்வுடைய தண்டின்மேல் கனமுள்ள கை நிற்கும்போது, அவ்விரண்டும் சேர்ந்து தமக்கென்று ஓர் இயல்பான அதிர்வைப் பெற்றுவிடுகின்றன. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற புகழ்பெற்ற டர்ன்டேபிளின் கைக்குச் செயற்படு கனம் 12 கிராம். 2எம் ரெட் 7.2 கிராம், கையின் கனத்தையும் திருகாணிகளையும் சேர்த்து மொத்தம் 20 கிராம் என்று கொள்ளலாம். அந்தக் கேட்ரிட்ஜின் நெகிழ்வுக்குக் கணக்கிட்டால் இயல்பதிர்வு வினாடிக்கு 8 என்று வருகிறது.

இது நல்ல இடம். கோணலான தட்டின் மேடு பள்ளங்கள் பெரும்பாலும் இதற்குக் கீழேயும், பட்லரின் 35 இதற்கு வெகு மேலேயும் இருக்கின்றன. 8-இலிருந்து 12 வரை எங்கு நின்றாலும் குறையில்லை என்பது பொதுவான பிரமாணம். மிக நெகிழ்ந்த தண்டைக் கனத்த கையில் பூட்டினால் இயல்பதிர்வு கீழே இறங்கி, தட்டின் கோணலோடு சேர்ந்து கூத்தாடத் தொடங்கும். விறைத்த டிஎல்-103-ஐ மெல்லிய கையில் பூட்டினால் இயல்பதிர்வு மேலேறிப் பேஸ் சுரங்களை நெருங்கும். இரண்டிலும் முனையின் பிடி கணத்துக்குக் கணம் தளர்ந்து இறுகும்.

மெட்டல் ரசிகருக்கு இதில் தனியானதோர் ஆபத்தும் காத்திருக்கிறது. அவர் உரக்கக் கேட்பவர். ஒலிபெருக்கியின் முழக்கம் தரை வழியாகவும் காற்று வழியாகவும் டர்ன்டேபிளை அடைந்து, ஊசியை அசைத்து, மறுபடி பெருக்கப்பட்டு, மறுபடி திரும்பி வரும். தட்டில் இடம் போதாமையால் தாழ்ந்த சுரங்களை அடக்கி எழுதிப் பிறகு பெருக்கியில் உயர்த்துவது 1954 முதல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட வழக்கமாதலால், 20 அதிர்வின் பக்கத்திலுள்ள எந்த வேண்டாத அசைவும், நடுச்சுரங்களை நோக்க ஏறக்குறையப் பத்து மடங்கு உயர்ந்துதான் வெளிவரும். விலையுயர்ந்த கேட்ரிட்ஜ் வாங்குமுன் டர்ன்டேபிளை ஒலிபெருக்கியிருக்கும் மேசையிலிருந்து அகற்றி வைப்பது செலவில்லாத பரிகாரம்.

பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டைக் காப்பாற்றுவதாக எண்ணிச் சிலர் பாரத்தைக் குறைத்து வைப்பதுண்டு. உரத்த பகுதிகளில் பிடி நழுவிய வைரம் சுவரில் மோதி மோதிச் செய்யும் சேதம், கால் கிராம் கூடுதல் பாரம் செய்யும் தேய்மானத்தைவிடப் பெரிது. விஎம்95 வரிசைக்குச் சொல்லப்பட்ட எல்லை 1.8-இலிருந்து 2.2 கிராம் வரை. இந்த இசைக்கு நான் நடுவைவிட்டுச் சற்றே மேலாகத்தான் வைப்பேன்.

இரண்டே புள்ளிகள்

தட்டை முதலில் வெட்டும் இயந்திரம் மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. நம் வீட்டுக் கையோ ஓரிடத்தில் ஊன்றி வில்போல் வளைந்து வருவதால், பள்ளம் ஓடும் திசையோடு அது முற்றிலும் ஒத்து நிற்பது தட்டு முழுவதிலும் இரண்டே இடங்களில்தான். பரவலாகப் புழங்கும் ஏற்பாட்டில் அவ்விடங்கள் மையத்திலிருந்து சுமார் 66, 121 மில்லிமீட்டரில் விழுகின்றன. ஸ்டீவன்சன் என்பவர் பெயரால் வழங்கும் மற்றோர் ஏற்பாடு உட்புள்ளியை 60 மில்லிமீட்டருக்கே தள்ளிவிடுகிறது. தட்டின் நடுப்பகுதியில் பிழை சிறிது கூடினாலும் கடைசிப் பாட்டு மிகுந்த ஒழுங்கோடு படிக்கப்படும். நீண்ட இறுதிப் பாட்டுகளில் தம் உச்சத்தை வைக்கும் மெட்டல் தட்டுகளுக்கு இந்த இரண்டாவது ஏற்பாடே பொருத்தம் என்பது என் எண்ணம். கோட்டுமுனை வாங்குகிறவர் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது. கூம்பு முனையை எப்படித் திருப்பினாலும் அது உருண்டைதான். கோட்டுமுனை சிறிது திரும்பினாலும் இரு சுவர்களையும் ஒரே நேரத்தில் படிக்காமல் ஒன்றை முந்தியும் ஒன்றைப் பிந்தியும் படிக்கும்.

ஊசிக்கு எட்டாதது

முனையும் கையும் கோணமும் யாவும் ஒழுங்காயிருந்தும் சில தட்டுகள் மூட்டமாகவே ஒலிக்கக் கேட்டு, கேட்ரிட்ஜைப் பழித்து அடுத்ததைத் தேடுகிறவர்கள் உண்டு. 2008-ல் வெளிவந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ அத்தகைய விவாதத்துக்குப் பெயர்போனது. கருவிகள் எல்லாம் கலந்த பின்னர், மொத்தக் கலவையையே எல்லைக்கு மேல் உயர்த்தி உச்சிகளை வெட்டிவிட்டார்கள் என்று ரசிகர்கள் குறைகூறினார்கள். கலந்த பின் நிகழும் திரிபு ஊசியால் நேர்ந்தாலென்ன, ஒலிப்பதிவுக்கூடத்திலேயே நேர்ந்தாலென்ன, காதுக்கு அது ஒன்றே. பின்னதை எந்த வைரமுனையாலும் நீக்க முடியாது. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டுக்காகவும் அந்தச் சமயத்தில் வெளியாயின. அதில் உச்சிகள் அவ்வளவாக வெட்டப்படவில்லை. குறுந்தகட்டை வாங்கியவர்கள் பலர், விளையாட்டிலிருந்து பிரித்தெடுத்த பதிவைத் தேடிக் கேட்கத் தொடங்கினார்கள்.